அம்மாவுக்கு வந்த மார்பகப் புற்றுநோய் எனக்கும் வருமா?

கேள்வி: என் தாயாருக்கு 46 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்றார். எனக்கு 34 வயது, வலி ஏதுமில்லை. நானும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: அவசியம் வேண்டும், சகோதரி. தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இந்நோய் வந்திருந்தால், மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வாய்ப்பு உண்டு. ஆனால் அது வந்தே தீரும் என்பதன்று. இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் எவருக்கும் இது இருந்ததில்லை என்பதால், 'எங்கள் வம்சத்தில் கிடையாது' என்று இருந்துவிடுவோரைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு.

வலியில்லை என்பதை ஆறுதலாகக் கொள்ளாதீர்கள். தொடக்கநிலைக் கட்டி பெரும்பாலும் வலிப்பதே இல்லை. அதனாலேயே பலர் மாதக்கணக்கில் காத்திருந்து, நோய் அக்குளில் உள்ள நிணநீர் நெறிகளுக்குப் பரவிய பிறகு வருகிறார்கள். கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும், உடனே மருத்துவரைக் காணுங்கள்.

நெருங்கிய உறவினருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்பே மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே பரிசோதனையைத் தொடங்குவது வழக்கம். உங்களுக்கு அது 36 வயது. இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால், ஸ்கேனும் தேவைப்படலாம். இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் பரம்பரை மாற்றம் உண்டா என்று பார்க்கும் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனையை முதலில் தாயாருக்குச் செய்வதே முறை. அவருடைய சிகிச்சைக் குறிப்புகளுடன் மருத்துவரிடம் செல்லுங்கள். 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை செய்கிறார்கள்; இந்த வாரமே அங்கிருந்து தொடங்கலாம்.