குழுவாக அறை எடுத்தால் ஹோட்டல் ஏன் வாடகையைக் குறைக்கிறது?

ஒரே நிகழ்ச்சிக்காகப் பல அறைகளை மொத்தமாகப் பேசி எடுக்கும்போது கிடைக்கும் வாடகைதான் குழுக் கட்டணம். பல ஹோட்டல்களில் ஒரு இரவுக்கு 10 அறையோ அதற்கு மேலோ எடுத்தால் குழு என்று கணக்கு.

காரணம் எளிது. கிளம்பிவிட்ட பஸ்ஸின் காலி சீட்டை யாருக்கும் விற்க முடியாது. இன்றிரவு காலியாகக் கிடந்த அறையும் அப்படித்தான். அதனால் கூட்டம் குறைந்த நாட்களில் நீங்கள் கேட்பதற்கு மதிப்பு அதிகம். தேதியை ஓரிரு நாள் தள்ளிவைக்க முடியும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பேச்சே மாறும். வாடகை இறங்கவில்லையா, சரி, காலை உணவு, பார்க்கிங், அமைப்பாளருக்கு ஒரு இலவச அறை என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், ஒப்பந்தத்தில் எத்தனை சதவீதம் நிரம்ப வேண்டும் என்ற வரியைத் தயவுசெய்து படியுங்கள். 20 அறை பிடித்து, 80 சதவீத நிபந்தனை இருந்தால் 16 அறைக்குப் பணம் கட்டியாக வேண்டும். 12 அறைதான் நிரம்பியது என்றால் மீதி நான்கும் உங்கள் தலையில்.

குழுக் கட்டணம்தான் எப்போதும் மலிவு என்று பலர் நம்புகிறார்கள். அதே தேதிக்கு இணையத்தில் தனி ஆளுக்கு அதைவிடக் குறைவாகவும் கிடைக்கலாம், அப்படி வந்தால் நமக்கும் குறைக்க வேண்டும் என்பதை முன்பே எழுதி வாங்கலாம்.