கொழுக்குமலை ஜீப்புக்கு எந்த புஷ்?

கேள்வி: அண்ணே, சூரியநெல்லில இருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுறேன், மஹிந்திரா மேஜர் வண்டி, நாலு சக்கரத்துக்கும் பட்டைதான் (லீஃப் ஸ்பிரிங்). பட்டை முனையில போல்ட்டச் சுத்தி இருக்குற ரப்பர் புஷ் சீக்கிரமே பிஞ்சிடுது. பாலியூரித்தேன் போடலாமா? (வாசகர், போடி)

பதில்: தம்பி, முதல்ல பழைய புஷ் எப்படி பிஞ்சிருக்குன்னு பாருங்க. ஸ்லீவோட, அதான் உள்ள இருக்குற இரும்புக் குழாயோட, ஒட்டி வர்ற ரப்பர் புஷ் சுத்தாது, உள்ளேயே முறுக்கித்தான் குடுக்கும், அதனால வண்டிய ஜாக்குல தூக்கி வச்சுக்கிட்டே போல்ட்ட இறுக்கிட்டா கீழ இறக்குனதுமே ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும், அப்புறம் மலை ஏறுனா கிழியத்தானே செய்யும். நாலு சக்கரமும் தரையில நின்னு பாரம் விழுந்தப்புறம்தான் கடைசி இறுக்கு, பாதிப்பேர் இத செய்றதே இல்ல. டீசல் ஊத்திக் கழுவுறதையும் விட்ருங்க, ரப்பர் ஊதிப்போகும்.

பாலியூரித்தேன் எண்ணெய்க்கு அசையாது, கடினத்த அளக்குற ஷோர் ஏ கணக்குல சாதா ரப்பர் 50ல இருந்து 70 வரைனா இது 80, 90னு இருக்கும், ஸ்டியரிங் கெட்டியா நிக்கும். ஆனா அது ஸ்லீவ் மேல வழுக்கித்தான் சுத்தணும், நம்ம மழையில சேறு உள்ள போயிட்டா கீச்சு கீச்சுன்னு கத்தும், அப்பப்ப கழட்டி சிலிக்கான் கிரீஸ் வைக்கணும். பாறையில ஒரு சக்கரம் மேல ஒண்ணு கீழன்னு போறப்ப ரப்பர் அளவுக்கு வளைஞ்சும் குடுக்காது, அந்த அடி பட்டைய மாட்டியிருக்குற பிராக்கெட்டுக்குப் போகும். அதுவும் உங்களுது ஆள் ஏத்திட்டுப் போற வண்டி. என் ஓட்டு நல்ல ரப்பருக்குத்தான். ஆசையா இருந்தா ஷாக்கிள் (பட்டையோட ஒரு முனைய சேஸிஸோட கோக்குற, ஆடுற இணைப்பு) பக்கம் மட்டும் பாலி போட்டு ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்க, பிராக்கெட் வெல்டிங்க மட்டும் அடிக்கடி கவனிங்க.