படகு இன்ஜின் பேனல் மீட்டர்களுக்குள் ஈரம் இறங்கிவிட்டது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

இரண்டு மாதம் ஓட்டாமல் கட்டிப்போட்ட படகு, மீட்டர் கண்ணாடிகளுக்குள் பனி படிந்திருக்கிறது, பேனல் விளக்கைப் போட்டால் டெம்பரேச்சர் முள் தானாக ஏறுகிறது, முழு பேனலையும் மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் படகுகளில் மின்வேலை செய்கிறேன், டிசம்பர் ஜனவரி மழையில் இந்தப் புகார் ஓயாமல் வரும். விளக்கைப் போட்டதும் முள் நகர்கிறது என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது எர்த் வயர் (பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வயர்) மேல்தான். விளக்குக்கும் மீட்டருக்கும் எர்த் ஒன்றே, அந்த இணைப்பில் களிம்பு ஏறிவிட்டால் விளக்கின் கரண்டும் சேர்ந்து மீட்டரின் கணக்கைக் குழப்பிவிடும்.

ஈரம் பெரும்பாலும் கண்ணாடி வழியாக வருவதில்லை. மத்தியான வெயிலில் பேனல் சுடும்போது மீட்டருக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும், சாயங்காலம் மழை கொட்டி எல்லாம் குளிர்ந்ததும் பின்னால் இருக்கும் பல்பு ஓட்டை வழியாக ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதோடு உப்பும் வருகிறது. உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே கசிந்து நீராகிவிடும், சிங்கப்பூரில் சராசரியே 80-க்கு மேல். அதனால் ஹேர் டிரையர் பிடிப்பது, அரிசிக்குள் புதைப்பது எல்லாம் இரண்டு நாள் சுகம்தான், உப்பைக் கழுவி எடுக்காதவரை அந்தப் பேனல் காயவே காயாது.

இன்ஜினை நிறுத்திய பிறகு பேட்டரி ஸ்விட்சை அணைத்துவிடுங்கள் (ஓடும்போது அணைத்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டயோடு போய்விடும்). வயர்களை நாலு பக்கமும் படம் எடுத்துவிட்டுப் பேனலைக் கழற்றுங்கள். பச்சை பூத்திருக்கும் முனைகளையும் பிளக்குகளையும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, அப்புறம் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் துடைத்து மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். ஆல்கஹால் பிளாஸ்டிக் முகப்பில் படவே கூடாது, மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விடும். குத்துவிளக்கு துலக்குவது மாதிரி எலுமிச்சை, புளி போட்டுத் தேய்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், அந்தப் புளிப்பு உள்ளே தங்கினால் செம்பை மறுபடி அரிக்கும். வயரின் உறையைச் சீவிப் பாருங்கள், உள்ளே கருத்திருந்தால் பளபளப்பு வரும்வரை வெட்டிவிட்டு வெள்ளீயம் பூசிய வயரைச் சேருங்கள். இணைப்பின் மேல் மாட்டிச் சூடு காட்டினால் சுருங்கி இறுகும், பசையோடு வரும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இரண்டுமே ஜாலான் புசார் சிம் லிம் டவரில் கிடைக்கும்.

மீட்டர்களைப் பொறுத்தவரை, கண்ணாடியைச் சுற்றியுள்ள உலோக வளையத்தை மடித்து அடைத்த வகை என்றால் நெம்பித் திறக்காதீர்கள், திறந்ததைப் பழையபடி அடைக்க முடியாது. பல்பு ஹோல்டரை மட்டும் உருவிவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மூன்று நாலு நாள் வையுங்கள். பனி போய்விடும். முள் துருப்பிடித்து இறுகியிருந்தால் மட்டும் அந்த ஒரு மீட்டரை மாற்றினால் போதும், பேனல் முழுவதும் வேண்டாம்.

திரும்பப் பொருத்தும்போது ஒரு விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன், குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கோனைப் பின்பக்கம் அப்பாதீர்கள். காடி வாடை அடிக்கும் வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படி அடைத்துக் கொடுத்த ஒரு பேனலை ஐந்தே மாதத்தில் திறந்தோம், புது வயர் எல்லாம் கிளிப்பச்சை. வாடை இல்லாத நியூட்ரல் சிலிக்கோன் என்று கேட்டு வாங்குங்கள். இணைப்புகளில் சிலிக்கோன் கிரீஸ் பூசினாலே பாதி வேலை முடிந்தது.

சரி, இத்தனையும் செய்து முள் இன்னும் தப்பாகக் காட்டினால் இன்ஜினில் இருக்கும் சென்சார் வயரைக் கழற்றிப் பாருங்கள். முள் கீழே குளிர்ந்த பக்கம் விழுந்தால் மீட்டர் பெரும்பாலும் நல்லதுதான், கோளாறு சென்சாரில். விழாமல் மேலேயே நின்றால் மீட்டரிலோ நடுவில் வரும் வயரிலோ இருக்கிறது. அது தெரியும்வரை அந்த முள்ளை நம்பி உபின் தீவுப் பக்கம்கூடப் போகாதீர்கள், பொய்யாக ஏறுகிற முள் ஒருநாள் நிஜமாகவே ஏறும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். அவசரம் என்றால் இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் மூடியில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் காட்டி அளந்துகொள்ளுங்கள், எக்ஸாஸ்டில் தண்ணீர் வழக்கம்போல் கொட்டுகிறதா என்றும் பாருங்கள்.

முதல் வேலையாக, விளக்கைப் போட்டுக்கொண்டு மீட்டரின் எர்த் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று அளந்து இங்கே எழுதுங்கள். அரை வோல்ட் வந்தாலே எர்த்தான் காரணம். பேனலின் பின்பக்கப் படமும் ஒன்று போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.