நகர வரலாற்று மியூசியத்துக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறதா?

கேள்வி: புதிதாகப் போகும் ஒரு நகரத்தில், அந்த நகரத்தின் வரலாறும் மக்களின் அன்றாட வாழ்க்கையும் சொல்லும் மியூசியத்துக்கு அப்பா, அம்மா, 9 வயது மகளோடு போகிறேன். 2 மணி நேரம்தான் இருக்கிறது. முன்பு இப்படி ஓர் இடத்தில் ஒரு பலகை விடாமல் படித்துக்கொண்டே போய், பாதியிலேயே எல்லோரும் சோர்ந்துவிட்டோம். எப்படிப் பார்ப்பது?

பதில்: முதல் அறையிலிருந்து தொடங்காதீர்கள், அவ்வளவுதான். பல நகர மியூசியங்கள் கால வரிசையில்தான் இருக்கும். தோண்டியெடுத்த ஓடுகளையும் கல்வெட்டுகளையும் பார்த்தே தெம்பு தீர்ந்துபோய், அடுப்பும் தொட்டிலும் தையல் மெஷினும் இருக்கும் அறைக்கு வரும்போது எல்லோரும் உட்கார இடம் தேடிக்கொண்டிருப்பீர்கள். அந்தச் சோர்வு உங்கள் குறை இல்லை. பாஸ்டன் நுண்கலை மியூசியத்தில் இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், குனிந்தும் எட்டியும் பார்க்க ஒரு மனிதர் படும் பாட்டைப் படமெடுத்து, ‘மியூசியம் களைப்பு’ என்று 1916-லேயே எழுதிவிட்டார்.

உள்ளே போனதும் நகரத்தின் பழைய வரைபடமோ சிறிய மாதிரி வடிவமோ எங்கே என்று கேட்டு, முதலில் அங்கே போங்கள். ஆறு எது, கோட்டைச் சுவர் எது, நீங்கள் தங்கியிருக்கும் தெரு அப்போது இருந்ததா என்று 10 நிமிடம் தேடினால், அப்புறம் பார்ப்பதெல்லாம் ஓர் இடத்தில் போய் உட்காரும். பிறகு நேராக வீடு, கடை, தொழில் பற்றிய அறைகள். 5, 6 பொருட்கள் போதும். குறிப்பைப் படிக்கும் முன் மகளிடம் கேளுங்கள்: இது எங்கே தேய்ந்திருக்கிறது, எந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், இதைத் தூக்க எத்தனை பேர் வேண்டும்? பாரிஸின் கார்னவாலே மியூசியத்தில் பழைய கடைப் பலகைகளை நிறைய மாட்டியிருக்கிறார்கள். எழுத்து தெரியாதவருக்கும் கடை தெரியவேண்டும் என்று படமாகவும் உருவமாகவும் செய்தவை பல. எந்தக் கடை என்று குழந்தையே சொல்லிவிடும்.

இன்னொன்றையும் மனதில் வைத்திருங்கள், எனக்கு இதுதான் முக்கியம். இங்கே யாருடைய பொருள் இல்லை? ஏழைகளின் துணி கிழிந்து கந்தலாகும், பாத்திரம் உருக்கப்படும், பெட்டியில் பத்திரமாக இருந்து வந்தவை பெரும்பாலும் வசதியானவர்களுடையவை. அதனால்தான் நியூயார்க்கின் டெனமென்ட் மியூசியம் அவ்வளவு மதிப்புள்ளது. 1863-இல் கட்டிய ஒரு வாடகைக் குடியிருப்பையே, குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த அறைகளோடு காட்டுகிறார்கள். இப்படிப்பட்ட வீடுகளை வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க முடியும் என்பது சகஜம், முன்பதிவு செய்துவிடுங்கள். வார விடுமுறை எந்த நாள், கடைசி நுழைவு எத்தனை மணி என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

துணியும் காகிதமும் இருக்கும் அறைகள் மங்கலாக இருந்தால் பராமரிப்பு சரியில்லை என்று நினைக்கவேண்டாம். வெளிச்சம் பட்டால் சாயம் போய்விடும், போனது திரும்பாது. அதனால் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குத்தான் விளக்கு வைப்பார்கள். ஃபிளாஷ் கூடாது என்பதற்கும் பெரும்பாலும் இதையே காரணமாகச் சொல்வார்கள். பெரியவர்களின் கண் அந்த மங்கலுக்குப் பழக நேரமாகும், வாசலில் கொஞ்சம் நிற்கவிடுங்கள், படிக்கும் கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

முடிந்தால் இதைப் பயணத்தின் முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தால் அந்தப் பழைய வரைபடத்தை போனில் படமெடுத்து, மறுநாள் அதிலிருக்கும் ஒரு தெருவில் மகளை முன்னால் விட்டு நடங்கள்.