பருவநிலை மாநாட்டுக்குத் தலைவர்கள் விமானத்தில் போவதால் அப்படி என்ன கேடு?

2021-இல் பிரிட்டனின் கிளாஸ்கோ நகரில் நடந்த சிஓபி26 என்ற ஐ.நா. பருவநிலை மாநாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த உமிழ்வு சுமார் 1,02,500 டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று முதற்கட்ட மதிப்பீடு சொன்னது, அதில் 60 சதவீதம் போல வெளிநாட்டு விமானப் பயணம்தான். சரி, அது முழுக்கத் தலைவர்கள் கணக்கில்லை, ஆயிரக்கணக்கான பிரதிநிதிகளும் பறந்து வந்தார்கள். ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தால் தலைவர்கள் பக்கம் எகிறிவிடும். அமெரிக்க அதிபர் எங்கே போனாலும் அவருடைய கவச கார் சரக்கு விமானத்தில் முன்கூட்டியே போய் இறங்கி நிற்கும், அவசரத்துக்கு இன்னொரு விமானமும் தயாராக இருக்கும்.

போரிஸ் ஜான்சன் செய்தது இன்னும் வேடிக்கை. மாநாட்டை நடத்திய பிரிட்டனின் அப்போதைய பிரதமர், உலகத்துக்கே புத்தி சொல்லிவிட்டு, ரயிலில் நாலரை மணி நேரத்தில் போகக்கூடிய லண்டனுக்கு வாடகை விமானத்தில் திரும்பினார். கேட்டால், பசுமை எரிபொருள் கலந்துதான் ஓட்டினோம் என்று பதில்!

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: நாடு விட்டு நாடு பறக்கும் விமானங்களின் புகை எந்த நாட்டின் மொத்த உமிழ்வுக் கணக்கிலும் சேராது, அறிக்கையில் தனிக்குறிப்பாகத்தான் போகும்.

அதற்காக எல்லாவற்றையும் வீடியோவில் முடித்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். துவாலு மாதிரி குட்டித் தீவு நாடுகளுக்குப் பெரிய நாட்டுக்காரரை நேரில் மடக்கிப் பேச வேறு இடம் ஏது?