வாசகர் கேள்வி: லிஸ்பனில் தங்கி வேலை செய்ய மாதம் எவ்வளவு வேண்டும்?

கேள்வி: வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஃப்ரீலான்ஸாக மென்பொருள் எழுதுகிறேன். மாதம் 3,800 யூரோ வருகிறது. லிஸ்பனில் ஒரு வருடத்துக்கு மேல் தங்க இது போதுமா?

பதில்: விசாவுக்குப் போதும். வெளிநாட்டு வேலையைத் தொலைவிலிருந்து செய்பவர்களுக்கான டி8 விசாவுக்குப் போர்ச்சுகலின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல 4 மடங்கு வருமானம் காட்ட வேண்டும். 2026இல் அந்த ஊதியம் 920 யூரோ; ஆக 3,680 யூரோ. கடைசி மூன்று மாத வருமானத்தின் சராசரியைப் பார்ப்பார்கள். உங்களுக்கு 120 யூரோதான் இடைவெளி. ஒரு மாதம் பணம் தாமதமாக வந்தாலும் சராசரி கீழே போய்விடும், கவனம்.

செலவில் பெரும்பங்கு வாடகைக்குத்தான். விளம்பரத்தில் 'டி1' என்றால் ஒரு படுக்கையறை, 'டி0' என்றால் தனிப் படுக்கையறை இல்லாத ஒற்றை அறை வீடு. நகரின் நடுவில் டி1 வீடு 1,200 யூரோவுக்குக் கீழே கிடைப்பது அரிது. ஆற்றின் மறுகரையில் இருக்கும் அல்மாடாவையும் பாருங்கள். 40 யூரோ மாதப் பாஸ் ஒன்றிருந்தால் படகு, மெட்ரோ, ரயில், பஸ் எல்லாவற்றிலும் போகலாம். அல்மாடாவின் படகுத்துறையான கசில்யாஷிலிருந்து படகில் ஏறினால் பத்து நிமிடத்தில் லிஸ்பன்.

முதல் மாதம்தான் கையைக் கடிக்கும். முன்வாடகை இரண்டு மாதம், வைப்புத்தொகை இரண்டு மாதம், இதற்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லாதவர்களிடம் ஆறு மாத வாடகை கேட்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. 1,200 யூரோ வீட்டுக்குச் சட்டப்படியே 4,800 யூரோ கையில் வேண்டும். ஒப்பந்தத்தை வரித்துறையில் பதிவு செய்ய மறுக்கும் வீட்டை எடுக்கவே வேண்டாம். பின்னால் குடியிருப்பு அனுமதிக்கு முகவரிச் சான்று கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

பலரும் கணக்கில் விடுவது சமூகப் பாதுகாப்புச் சந்தா. புதிதாகப் பதிவு செய்பவருக்கு முதல் 12 மாதம் விலக்கு. அதன் பிறகு, சேவை வருமானத்தில் 70 விழுக்காட்டின் மீது 21.4 விழுக்காடு. உங்கள் 3,800க்கு மாதம் சுமார் 569 யூரோ. வருமான வரி தனி. ஆண்டில் 183 நாளுக்கு மேல் தங்கினால் உலகில் எங்கே சம்பாதித்தாலும் போர்ச்சுகலில் கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே முதல் வருடச் செலவை வைத்து இரண்டாம் வருடத்தைத் திட்டமிடாதீர்கள்.

கேள்வி: அரிசி, பருப்பு கிடைக்குமா?

பதில்: மார்த்திம் மொனிஷ் பகுதியில் தெற்காசியக் கடைகள் நிறைய உண்டு. வீட்டில் சமைத்தால் ஒருவருக்கு மாதம் 250 முதல் 300 யூரோ.

கேள்வி: குளிர் அவ்வளவாக இல்லையாமே, மின்கட்டணம் குறையுமா?

பதில்: வெளியே குளிர் மிதம்தான். பல பழைய வீடுகளில் சூடாக்கும் வசதி கிடையாது. சுவர்கள் ஈரம் பிடித்துப் பூஞ்சை படரும். ஜனவரியில் ஹீட்டரும் ஈரம் உறிஞ்சும் கருவியும் ஓடியே ஆக வேண்டும். மின் ஒப்பந்தத்தில் ஒரே நேரத்தில் இழுக்கக்கூடிய மின்சார அளவு 3.45 கேவிஏ என்றிருந்தால், 2,000 வாட் ஹீட்டரும் இண்டக்‌ஷன் அடுப்பும் சேர்ந்ததும் மெயின் விழுந்துவிடும். வீடு பார்க்கும்போதே அந்த எண்ணைக் கேளுங்கள். மின் நிறுவனத்திடம் சொல்லி உயர்த்தலாம், ஆனால் தினசரி நிலைக்கட்டணமும் கூடும்.