"யாருமே நம்ம வீட்டுக்கு வர மாட்டாங்களாம்மா?"

கேள்வி: எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். கணவரின் வேலைக்காக ஆகஸ்டில் ஜெர்மனிக்கு, ஸ்டுட்கார்ட் நகருக்கு வந்தோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. ஊரில் டிசம்பர் பிறந்தாலே ஸ்டார் கட்டுவது, கேரல் ரவுண்ட்ஸ், பலகாரத் தட்டு என்று வீடு நிறைந்திருக்கும். இங்கே நவம்பரிலேயே சாயங்காலம் நாலரைக்கு இருட்டிவிடுகிறது. எதிர்வீட்டார் பெயர்கூடத் தெரியாது. "இந்த வருஷம் கேக் வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்" என்கிறார் கணவர். மகளோ, "யாருமே நம்ம வீட்டுக்கு வர மாட்டாங்களாம்மா?" என்று கேட்கிறாள். அம்மாவிடம் வீடியோவில் பேசினால் இருவருமே அழுதுவிடுகிறோம். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது மகளின் கேள்விதான். புதுத் துணியையோ பரிசையோ அவள் கேட்கவில்லை. வாசலுக்கு வரும் ஆட்களைத் தேடுகிறாள். அதனால் ஊர்க் கிறிஸ்துமஸை முழுதாக அங்கே கொண்டுவரப் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நாலு பேரை வீட்டுக்கு வரவழையுங்கள், இந்த வருடத்துக்கு அது போதும்.

எப்போது என்பதில்தான் புதிதாகப் போகிறவர்கள் தவறிவிடுகிறோம். நம் ஊரில் 25-ம் தேதி விடியற்கால ஆராதனை முடிந்த பிறகுதான் தட்டுகள் வீடுவீடாகக் கிளம்பும். ஜெர்மனியில் 24-ம் தேதி மதியம் இரண்டு மணி வாக்கில் கடைகளை அடைத்துவிடுவார்கள். அன்று மாலைதான் அவர்களுக்குப் பண்டிகை. மரத்தடியில் பரிசு பிரிப்பதும் சாப்பாடும் சொந்தக் குடும்பத்தோடு மட்டும். 25, 26 இரண்டு நாளும் விடுமுறை, கடையும் கிடையாது. அங்கே இருந்த முதல் வருடம் நான் 25 காலையில் முறுக்குத் தட்டோடு படியேறிப் போய், திறக்காத கதவுகளுக்கு முன்னால் நின்றேன். எல்லோரும் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போயிருந்தார்கள். அந்த வெறுமை உங்கள் மகளுக்கு வரக் கூடாது.

அவர்களின் கதவு திறப்பது அதற்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில், அட்வென்ட் காலத்தில். பசுந்தழை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகளை வைத்து, ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டே வருவார்கள். 1839-ல் ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விஹெர்ன் என்ற இறையியலாளர், "கிறிஸ்துமஸ் எப்போ வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்கு நாளை எண்ணிக் காட்ட, பழைய வண்டிச் சக்கரம் ஒன்றில் மெழுகுவர்த்திகளை வைத்தாராம். அதிலிருந்து வந்த வழக்கம் அது. அந்த ஞாயிறுகளில் மதியம் மூன்று மணி வாக்கில் காபிக்கும் பிஸ்கட்டுக்கும் ஒருவரையொருவர் அழைப்பது அங்கே சகஜம். நீங்கள் பிடிக்க வேண்டியது அதைத்தான், இரண்டாவது ஞாயிறோ மூன்றாவதோ.

எதிர்வீட்டார் பெயர் தெரியாது என்கிறீர்கள். கீழே அழைப்பு மணிப் பலகையில் எழுதியிருக்கும், பாருங்கள். மகளையே ஒரு கார்டு எழுதச் சொல்லுங்கள். நாளும் நேரமும் தெளிவாக இருக்கட்டும், இரண்டு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். அங்கே திடீரென்று கூப்பிட்டால் தயங்குவார்கள், முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் வருவார்கள். மகளின் வகுப்புத் தோழி ஒருத்தியையும் அம்மாவோடு அழையுங்கள்.

பலகாரம் ஒன்று போதும்: முந்திரிக்கொத்து. சிறுபயறு, வெல்லம், தேங்காய், எள் எல்லாம் ஸ்டுட்கார்ட் மாதிரிப் பெரிய நகரத்தில் இந்தியக் கடைகளில் கிடைக்கும். பாகு காய்ச்சும்போது அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு அடுப்புப் பக்கம் போனை வையுங்கள். "முறுகப் போகுது, இறக்கு" என்று அதட்ட அவர்களுக்கும் ஒரு வேலை வரும். உருட்டிப் பொரித்து முடிக்கும்வரை இரண்டு பேருக்கும் அழ நேரமிருக்காது. ஜன்னலைத் திறந்துவைத்துப் பொரியுங்கள், அங்கே வீட்டுக்குள் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும்.

ஸ்டாரைக் கட்டாமல் விடாதீர்கள். அங்கும் அட்வென்ட் தொடங்கியதும் ஜன்னல்களில் காகித நட்சத்திரங்கள் எரியும். ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்பார்கள், நம் ஊர் ஸ்டாருக்கு அண்ணன் மாதிரி இருக்கும். ஜன்னலுக்கு உள்பக்கம் தொங்கவிடுங்கள், தெருவிலிருந்து தெரியும். அங்கே டிசம்பர் 6 புனித நிக்கோலஸ் நாள், அவர் ராத்திரி வந்து பிள்ளைகளின் ஷூவில் பரிசு வைத்துப் போவார் என்பார்கள். சின்னவனை டிசம்பர் 5 ராத்திரி ஷூவைத் துடைத்து வாசலில் வைக்கச் சொல்லி, காலையில் ஆரஞ்சும் சாக்லேட்டும் போட்டு வையுங்கள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அன்றைக்கு அதைத்தான் பேசுவார்கள்.

கணவர் மேல் வருத்தப்படாதீர்கள். புது வேலையில் களைத்திருக்கிறார். ஸ்டார் கட்டும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள், போதும்.

அப்புறம் 24 ராத்திரி. குளிர்காலத்தில் நம் நேரம் ஜெர்மனியைவிட நாலரை மணி நேரம் முந்தி ஓடும். உங்கள் சபையில் ஆராதனை விடியற்காலை நாலரைக்கு என்றால், உங்களுக்கு அது சரியாக நள்ளிரவு 12. அம்மா போனைக் கோயிலுக்குள் பிடித்துக்கொள்ளட்டும், முதல் பாட்டை அங்கிருந்தே சேர்ந்து பாடுங்கள். சின்னவன் தூங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். பெரியவளைக் கட்டாயம் எழுப்புங்கள்.